தூர எறிந்தது எங்கே போகிறது?

எமது ஆலயத்தில் அன்னதானம் முடிந்த பின் மண்டபத்தைத் துப்புரவு செய்யும் தொண்டில் ஈடுபட்ட அன்பர்களுக்கு ஒரு காட்சி நன்கு தெரிந்திருக்கும். சுவரோரமாகக் கறுப்புப் பைகள் வரிசையாக நிற்கும். தேர்த் திருவிழா அன்று எண்ணிப் பார்த்தால் முப்பது பைகளுக்குக் குறையாது. சாப்பிட்ட தட்டுகள், தேநீர் குடித்த கப்புகள், தண்ணீர்ப் போத்தல்கள், அபிஷேகத்துக்கு வந்த பால் கான்கள், பூமாலை சுற்றி வந்த பொலித்தீன் உறைகள் யாவும் அவற்றினுள் இருக்கும். ஒவ்வொன்றும் நம் கையில் இருந்தது பத்து நிமிடமோ கால் மணி நேரமோதான்.

நாம் வீட்டில் பேசும் தமிழில் இதற்கு ஒரு வழக்கு உண்டு. "தூர எறிந்துவிடு" என்போம். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். அந்தத் "தூரம்" எங்கே இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது சுகாதாரம் பற்றிய கேள்வி மட்டுமன்று. சரி எது, தவறு எது என்ற கேள்வியும் ஆகும்.

முதலில் என்னைப் பற்றிய ஒரு விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் நிர்வாக சபையில் இருந்தபோது, எவர்சில்வர் தட்டுகளை நிறுத்திவிட்டு ரெஜிபோம் தட்டுகளை வாங்குவோம் என்று முன்மொழிந்தவன் நான்தான். அதற்கு அப்போது நல்ல காரணம் இருந்தது. முந்நூறு பேர் சாப்பிட்ட தட்டுகளை மடப்பள்ளிக்குப் பின்னால் இருந்த ஒரேயொரு தொட்டியில் நின்று கழுவியவர்கள் ஐந்தாறு பெண்கள். அவர்களில் சிலர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பூசையையும் பார்க்காமல், பஜனையிலும் கலந்துகொள்ளாமல் அவர்கள் தண்ணீரில் நின்றார்கள். அதைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் நான் எழுந்து பேசினேன். தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. அன்று நான் செய்தது தவறா என்று இன்று என்னையே கேட்கிறேன்.

எறிந்த பொருள் எத்தகையது?

பிளாஸ்ரிக் என்று நாம் ஒரே பெயரால் அழைத்தாலும் அது ஒரு பொருளன்று, ஒரு குடும்பம். பொருளின் அடியைத் திருப்பிப் பார்த்தால் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். 1988இல் அமெரிக்கப் பிளாஸ்ரிக் தொழிற்றுறையினர் வகைகளை இனங்காண ஏற்படுத்திய முறை இது. இந்த எண் இருந்தால் அப்பொருள் கட்டாயம் மீள்சுழற்சி செய்யப்படும் என்று பலர் எண்ணுகிறோம். அப்படியன்று. அது வகையை மட்டுமே சொல்கிறது.

எண் 1, தண்ணீர், சோடாப் போத்தல்கள் செய்யப்படும் பெற் என்னும் வகை. எண் 2, அடர்த்தி கூடிய பொலித்தீன். நாம் அபிஷேகத்துக்கு வாங்கும் பால் கான்கள் இவ்வகை. எண் 3, தண்ணீர்க் குழாய்கள் செய்யும் பிவிசி. எண் 4, அடர்த்தி குறைந்த பொலித்தீன். மெல்லிய பைகளும் உறைகளும் இதனால் ஆனவை. எண் 5, பொலிபுரொப்பிலீன். நம் வீடுகளில் அரிசியும் பருப்பும் போட்டு வைக்கும் அந்தப் பெரிய தயிர் வாளிகள் பெரும்பாலும் இவ்வகை. எண் 6, பொலிஸ்ரைரீன். அதைக் காற்றூட்டி ஊதச் செய்தால் ரெஜிபோம். இவற்றில் அடங்காதவை எல்லாம் எண் 7.

கடலைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு முக்கியமானது. 2, 4, 5 ஆகியவை நீரை விட இலேசானவை, ஆகவே மிதக்கும். 1உம் 3உம் கடல்நீரை விடக் கனமானவை, ஆகவே அமிழும். ரெஜிபோம் உள்ளே காற்று இருப்பதனால் மிதக்கும். ஒரு சோடாப் போத்தலில் நீர் நிறைந்தால் போத்தல் அடிக்குப் போகும், அதன் மூடி மட்டும் மிதந்து எங்காவது ஒரு கரைக்கு வரும். கரையில் நாம் காண்பது கடலில் உள்ளதன் ஒரு பகுதியே.

மிதந்தாலும் அமிழ்ந்தாலும் இவை உக்குவதில்லை. வெயிலும் அலையும் பட்டுச் சிறிது சிறிதாக நொறுங்கும், அவ்வளவுதான். 5 மில்லிமீற்றருக்கும் சிறிய இத்துணுக்குகளை நுண்பிளாஸ்ரிக் என்கிறார்கள். பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தொம்சன் குழுவினர் 2004இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பின்னரே இது உலகின் கவனத்துக்கு வந்தது. 2022இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மனித இரத்தத்திலேயே பிளாஸ்ரிக் துணுக்குகளைக் கண்டதாக அறிவித்தார்கள்.

பொலித்தீன் கண்டுபிடிக்கப்பட்டது நாம் குடியேறி வாழும் இந்த இங்கிலாந்தில்தான். 1933இல் செஷயரில் உள்ள நோர்த்விச் நகரில், வேறொன்றைத் தேடிய இரசாயனவியலாளர்களுக்குத் தற்செயலாகக் கிடைத்தது அது. அதற்குப் பின் உலகம் செய்து குவித்த பிளாஸ்ரிக்கைக் கணக்கிட்டு 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2015 வரை செய்யப்பட்டது 830 கோடி தொன். கழிவாகியதில் மீள்சுழற்சிக்குப் போனது ஏறத்தாழ 9 வீதம், எரிக்கப்பட்டது 12 வீதம். மீதி 79 வீதம் புதைகுழிகளிலும் நிலத்திலும் நீரிலும் கிடக்கிறது. 2010ஆம் ஆண்டில் மட்டும் 48 இலட்சம் தொன்னுக்கும் 127 இலட்சம் தொன்னுக்கும் இடைப்பட்ட அளவு நிலத்திலிருந்து கடலுக்குப் போனதாக இன்னோர் ஆய்வு மதிப்பிட்டது.

எறியும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

எறிவது நமக்குப் புதிதன்று. ஊரில் வாழையிலையில் சாப்பிட்டோம். இலையை மடித்து வேலியோரம் எறிந்தோம். மாடு வந்து தின்றது. கூழ் குடித்த பனையோலைப் பிளாவையும் எறிந்தோம். மீன் வாங்கிய உமல் பழசாகியதும் தென்னையின் அடிக்குப் போனது. தமிழில் "குப்பை" என்ற சொல்லுக்கே வயலுக்கு இடும் எரு என்ற பொருளும் உண்டு. எறிந்தது மண்ணுக்குத் திரும்பி அடுத்த ஆண்டு காயாகவும் நெல்லாகவும் வீட்டுக்கு வந்தது. அங்கே "தூரம்" என்பது வளவின் மறு மூலை. எறிந்தவனின் கண்ணுக்குத் தெரிந்த இடம்.

ஆகவே எறிந்த நம் பெற்றோர் எவரும் தவறு செய்யவில்லை. கை அதே கைதான், பழக்கமும் அதேதான். ஆனால் கையில் இருக்கும் பொருள் மாறிவிட்டது, தூரமும் மாறிவிட்டது.

இன்றைய தூரம்

அந்தத் தூரத்தை நாம் சில தடவைகள் கண்ணால் கண்டிருக்கிறோம். 2017 முதல் 2019 வரையான காலத்தில் இந்நாட்டிலிருந்து கொள்கலன் கொள்கலனாகக் கழிவு இலங்கைக்குப் போனது. பழைய மெத்தைகள், கம்பளங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவற்றுள் வைத்தியசாலைக் கழிவும் இருந்தது. கொழும்பில் அது வெளிப்பட்டபின் வழக்கு நடந்தது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவற்றைத் திருப்பி அனுப்ப உத்தரவிட்டது. கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில் கப்பலேறியது. மொத்தம் 263 கொள்கலன்கள், ஏறத்தாழ 3,000 தொன். இலண்டனில் இருக்கும் நாம் ஊரில் உள்ள உறவினருக்குப் பார்சல் அனுப்புகிறோம். அதே கடல்வழியில் இவையும் போயின.

இரண்டாவது உதாரணம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றியது. அதிலிருந்த 1,486 கொள்கலன்களில் ஒன்றிலிருந்து நைத்திரிக் அமிலம் ஒழுகியது முன்னரே தெரிந்திருந்தது. கட்டாரில் ஹமாட் துறைமுகத்திலும் இந்தியாவில் ஹசீரா துறைமுகத்திலும் அதை இறக்கக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். ஒவ்வொரு துறைமுகமும் "அடுத்த இடத்துக்குக் கொண்டுபோ" என்றது. அதுவும் ஒரு வகையில் "தூர எறி" என்பதுதானே? ஜூன் 2ஆம் திகதி கப்பல் மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த பிளாஸ்ரிக் மூலப்பொருள் மணிகள் ஏறத்தாழ 1,680 தொன். பருப்பளவான அந்த வெள்ளை மணிகள் நீர்கொழும்புக் கரையெங்கும் பனி கொட்டியது போல் குவிந்தன. இறந்த ஆமைகள் கரையொதுங்கின. மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாதென்று தடை விதிக்கப்பட்டது. அன்றன்று பிடித்து அன்றன்று சமைக்கும் அந்தக் குடும்பங்களில் எவரும் அந்த மணிகளுக்குக் கட்டளை அனுப்பியவர்கள் அல்லர்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையென்று எண்ண வேண்டாம். 2025 மார்ச் 10ஆம் திகதி வட கடலில் இரு கப்பல்கள் மோதியபின் இதே போன்ற மணிகள், எரிந்து கருகிய நிலையில், நோர்பொக் கரையில் ஒதுங்கின. கோடை விடுமுறைக்கு நம் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும் கரைகள் அவை.

நான் எறிந்த ஒன்றினாலா?

இவ்வளவையும் கேட்டபின் எவருக்கும் சில மறுமொழிகள் தோன்றும். எனக்கும் தோன்றின. அவற்றை ஒதுக்காமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது மறுமொழி: "நாங்கள் கடலில் எறியவில்லையே! முறையாகக் கவுன்சில் தொட்டியில்தானே போடுகிறோம்." இதில் உண்மை உண்டு. நமது கறுப்புப் பைகளில் பெரும்பாலானவை எரியுலைக்கோ புதைகுழிக்கோ போகின்றன. ஆனால் மீள்சுழற்சிக்கென்று பிரித்துப் போடுவதில் ஒரு பகுதி இன்றும் கப்பலேறி வேறு நாடுகளுக்குப் போகிறது. சீனா 2018 ஜனவரி முதல் பிறநாட்டுப் பிளாஸ்ரிக் கழிவை ஏற்க மறுத்தபின் அது மலேசியாவுக்கும் துருக்கிக்கும் திரும்பியது. கொழும்புக்குப் போன அந்த மெத்தைகளின் சொந்தக்காரர்களும் அவற்றைத் தெருவில் வீசியிருக்க மாட்டார்கள். யாரோ ஒருவரிடம் ஒழுங்காகக் கொடுத்திருப்பார்கள். ஒழுங்காகக் கொடுத்ததனால் நமது சுத்தம் காப்பாற்றப்பட்டது. பொறுப்பு முடிந்துவிட்டதா என்பது வேறு கேள்வி.

இரண்டாவது மறுமொழி: "நான் ஒருவன் ஒரு கப்பைத் தவிர்த்தால் கடலுக்கு என்ன வந்துவிடும்?" இது மிகவும் வலுவானது. கணக்கின்படி சரியானதும்கூட. ஒரு கப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் கடலில் எந்த மாற்றமும் தெரியாது. நெடுநாள் இதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. ஒருநாள் ஆலய வாசலில் சப்பாத்தைக் கழற்றியபோது, எதிரே சுவரில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். கட்டட நிதிக்கு உதவியவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. பத்துப் பவுண் கொடுத்தவர்களும் உண்டு. எந்த ஒருவருடைய பத்துப் பவுணை எடுத்துவிட்டாலும் இந்தக் கோயில் எழும்பியே இருக்கும். ஒரு செங்கல்கூடக் குறைந்திராது. ஆயினும், "இந்தக் கோயிலைக் கட்டியதில் எனக்கும் பங்குண்டு" என்று அவர் சொல்கிறார். நாமும் ஒப்புக்கொள்கிறோம். அவருடைய பேரப்பிள்ளைகள் அந்தப் பெயரைத் தொட்டுக் காட்டுகிறார்கள்.

நல்ல காரியத்தில் சிறு பங்குக்கும் உரிமை கேட்கும் நாம், மற்றதில் மட்டும், "என் பங்கு மிகச் சிறியது, ஆகவே அது பங்கே அன்று" என்று எப்படிச் சொல்லலாம்? ஒன்றில் சிறு பங்குகள் சேர்ந்தால் கோயில் என்றால், மற்றதில் சிறு பங்குகள் சேர்ந்தால் அதற்கும் சொந்தக்காரர் உண்டு. பங்கு சிறியது என்பதால் கடனும் சிறியதாகலாம். இல்லை என்று ஆகாது. இதை நான் குற்றம் என்று சொல்லவில்லை. கடன் என்றே சொல்கிறேன். குற்றவாளி தலையைக் குனிந்து நிற்பான். கடன்காரன் தன்னால் முடிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கலாம்.

மூன்றாவது மறுமொழி: "செய்பவர்களும் விற்பவர்களும் அரசாங்கங்களும் அல்லவா பொறுப்பு? ஏழை வாடிக்கையாளரின் மேல் ஏன் பழி?" இதுவும் பெருமளவுக்குச் சரியே. 2023 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் இங்கிலாந்தில் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் தட்டுகள், கிண்ணங்கள், கரண்டிகளும் ரெஜிபோம் கப்புகளும் சட்டத்தால் தடைசெய்யப்பட்டன. நான் முன்மொழிந்த அந்தத் தட்டுகள் எமது ஆலயத்திலிருந்து அகன்றது என் மனமாற்றத்தினால் அன்று, அந்தச் சட்டத்தினால்தான். எக்ஸ்பிரஸ் பேர்ள் விடயத்திலும் 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு வழங்கும்படி கப்பல் தரப்புக்கு உத்தரவிட்டது. சட்டம் செய்யக்கூடியதைத் தனி மனிதர் செய்ய முடியாது.

ஆனால் சட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. பெயரும் முகவரியும் உள்ள ஒருவரையே அது பிடிக்கும். கோடிக்கணக்கான கைகளுக்கு வழக்கு வைக்க முடியாது. நாடுகளின் எல்லையைத் தாண்டினால் அதன் கை இன்னும் தளர்கிறது. பிளாஸ்ரிக் பற்றி உலக உடன்படிக்கை செய்வதற்காக 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் உடன்பாடின்றியே கலைந்தன. மேலும், சட்டம் தடுத்த தட்டுக்குப் பதிலாக நாம் கடதாசித் தட்டும் கடதாசிக் கப்பும் வாங்கினோம். அந்தக் கப்பின் உட்புறத்தில் மெல்லிய பொலித்தீன் பூச்சு இருக்கிறது. கறுப்புப் பைகளின் எண்ணிக்கை குறையவில்லை. பொருள் மாறியது, பழக்கம் மாறவில்லை.

மறந்துபோன ஒரு தூரம்

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். பிளாஸ்ரிக் பகையன்று. சேலைன் பையும் ஊசியும் இரத்தப் பையும் அதனால் ஆனவையே. நம்மில் பலருடைய உயிர் அதனால் காப்பாற்றப்பட்டிருக்கிறது. கை நடுங்கும் முதியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் உடையாத கோப்பை ஒரு வரம். ஒரு தயிர் வாளியை இருபது வருடம் பாவிக்கும் நம் அம்மாமாரும் அத்தைமாரும் கடலுக்குத் தீங்கு செய்தவர்கள் அல்லர். அவர்களிடம் நாம் படிக்க வேண்டும். பத்து நிமிடப் பாவனைக்காக, பல தலைமுறைக்கு அழியாத பொருளை எடுப்பதுதான் பொருந்தாத காரியம்.

அப்படியானால் மீண்டும் எவர்சில்வர் தட்டுக்குத் திரும்புவோம் என்று சொல்வது எளிது. ஆனால் அந்தத் தட்டுகளை யார் கழுவுவது? நான் அன்று ரெஜிபோம் கேட்டது சோம்பலினால் அன்று. அந்தப் பெண்களின் முதுகு வலியைக் கண்டுதான். அவர்களின் பாரத்தை இறக்கி வைத்தேன் என்று எண்ணினேன். உண்மையில் அதை இறக்கி வைக்கவில்லை. எனக்கு முகம் தெரியாத வேறு யாரோ ஒருவரின் கரையில் கொண்டுபோய் வைத்தேன். இப்போது கடலைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு அதே பாரத்தை மறுபடியும் அதே பெண்களின் முதுகில் ஏற்றினால், அதுவும் தூர எறிதல்தான். மண்டபத்தில் இருந்து சாப்பிடும் ஆண்களுக்கு மடப்பள்ளியின் பின்புறத் தொட்டியும் நெடுந்தூரத்தில்தான் இருந்தது. நாங்கள் அங்கே எட்டிப் பார்த்ததில்லை.

ஆகவே என் முதற் கேள்விக்கு இப்படி விடை சொல்கிறேன். அன்று நான் இரக்கப்பட்டது தவறன்று. அந்த இரக்கத்துக்கு என் கையால் விலை கொடுக்காமல், தெரியாத ஒருவரைக் கொடுக்க வைத்ததுதான் தவறு. தொட்டியில் நானும் போய் நின்றிருந்தால் ரெஜிபோம் தேவைப்பட்டிராது. அந்த யோசனை அன்று கூட்டத்தில் இருந்த ஆண்கள் எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மூன்று யோசனைகளை முன்வைக்க எண்ணியுள்ளேன். அன்னதானத்துக்கு முந்நூறு எவர்சில்வர் தட்டுகளும் பேணிகளும் உபயமாகப் பெறுவது. தண்ணீர்ப் போத்தல்களை நிறுத்திக் குழாய் நீரைக் குடத்தில் வைப்பது. கழுவும் தொண்டுக்கு ஆண்களும் இளைஞர்களும் முறைவைத்து நிற்கும் பட்டியல் ஒன்று தயாரிப்பது. மூன்றாவது யோசனை நிறைவேறாவிட்டால் முதலாவதை நானே திரும்பப் பெற்றுக்கொள்வேன். பட்டியலின் முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன். அடுத்த வரிகள் வெறுமையாக உள்ளன. பட்டியல் மடப்பள்ளி வாசலில், தேங்காய் வைக்கும் மேசையின் மேல் இருக்கிறது. பேனாவும் பக்கத்திலேயே கட்டியிருக்கிறது. அன்பர்கள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.